கல்கத்தாவுக்குப் போன தூக்குவாளி

தவில் மார்க் தீப்பெட்டி முப்பது வருஷமாகக் கோவில்பட்டியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை அனுப்பிவைத்த தங்கப்பழம் மட்டும் போகவே இல்லை. ஆலையின் பின்கட்டில் நின்று, பண்டல்கள் லாரியில் ஏறுவதைப் பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் கல்கத்தா, கல்கத்தா, கல்கத்தா என்று எழுதி எழுதி, அவர் கைக்குத் தன் சொந்த ஊர்ப் பெயரைவிட அந்த ஊர்ப் பெயர் சரளமாக வந்தது. அதனால்தான் கல்யாணமான நாலாம் நாள், புதுப் பெண்டாட்டியிடம் பேசுவதற்கு வேறொன்றும் அகப்படாமல், "உன்னக் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னது ஓர் ஆவணி மாதம். அதற்குப் பிறகு இருபத்தெட்டு ஆவணி வந்தது. ஓர் ஆவணியில் மூத்தவள் பிறந்தாள், ஓர் ஆவணியில் அவருடைய அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள், ஓர் ஆவணியில் இளையவளுக்குப் பரீட்சை, ஓர் ஆவணியில் டிக்கெட் எடுத்துப் பெட்டியும் கட்டிய பிறகு ஒரிசாப் பக்கம் புயல் வந்து தண்டவாளத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. இருபத்தொன்பதாவது ஆவணியில் அவருக்கு வேலை ஓய்ந்தது. இனி தடுக்க யாரும் இல்லை என்று ஆனபோது, இரண்டு பேருக்கும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அவர் மனைவி பெயர் சண்முகக்கனி. புருஷன் பழம், பெண்டாட்டி கனி என்பதால் எங்கள் தெருவில் அந்த வீட்டுக்குப் 'பழக்கடை' என்று பெயர். கல்கத்தாவில் என்ன பார்க்கப் போகிறாய் என்று யார் கேட்டாலும், "பாலம்" என்று சொல்லிவைத்தாள் கனி. பாலம் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். உள்ளே அவள் வைத்திருந்த ஆசை பாலத்தைவிடச் சின்னது. இருபத்தொன்பது வருஷமாக, நாளுக்கு மூன்று வேளை, காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் அடுப்படியில் நின்றவள் அவள். கல்யாண வீடுகளுக்குப் போனாலும் பந்தியில் உட்காருமுன் யாராவது கையில் அரிவாள்மணையைக் கொடுத்துவிடுவார்கள். யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தான் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான். இதைப் பக்கத்து வீட்டு வடிவு மதினியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"இதுக்குப் போயி ரெண்டாயிரம் கிலோமீட்டரா?" என்றாள் மதினி.

"பக்கத்துல எங்க கெடைக்கு, சொல்லுங்க."

மதினி தன் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

தங்கப்பழத்துக்கு வெளிச்சாப்பாடு என்றால் வயிற்றில் கலவரம். "ரயிலுக்கு மட்டும் புளிச்சோறு கிண்டிரு. அங்க போய் எறங்குன பெறவு ஒன் இஷ்டம்" என்றார். கனி ஒத்துக்கொண்டு, நாலு வேளைக்கு, இரண்டு பேருக்கு, கடைசிக் கவளம் கரக்பூரில் முடிகிற மாதிரி அளந்து கிண்டினாள். அளவு பிசகாமல் இருப்பது அவளுக்கு முக்கியமாக இருந்தது. ஏனென்றால் அவள் வாயாலேயே போட்ட சட்டம் ஒன்று உண்டு: கொண்டுபோன சோறு இருக்கும்போது வெளிச்சோற்றைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அது இப்போது அவளையே கட்டிப்போட்டிருந்தது.

வீட்டுத் தூக்குவாளியை மூத்தவள் கொண்டுபோயிருந்ததால் வடிவு மதினியின் தூக்குவாளியை இரவல் வாங்கினாள். மூடியில் குழி விழுந்த, கைப்பிடி சற்றுக் கோணிய, நாற்பது வருஷத்து எவர்சில்வர் வாளி அது. எங்கள் தெருவில் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. பாயசம் கொண்டுபோன பாத்திரம் முறுக்கோடு வரும், மீன்குழம்பு கொண்டுபோனது முருங்கைக்கீரையோடு வரும், ஒன்றுமே இல்லாத வீட்டிலிருந்தும் ஒரு கை சீனியாவது நாலு இணுக்குக் கறிவேப்பிலையாவது அடியில் கிடக்கும். மதினியின் தூக்குவாளி அப்படி நாற்பது வருஷம் வீடு வீடாக நிறைந்தே போய் நிறைந்தே வந்த வாளி. கழுவும் நேரத்திலும் அதற்குள் தண்ணீர் இருந்தது. வெறுமை என்றால் என்னவென்று அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கூடூர் தாண்டியதும் தங்கப்பழம்தான் அதில் முதலில் கை வைத்தார். பசி அவருக்கு எப்போதும் கனியைவிட ஒரு ஸ்டேஷன் முந்தி வந்துவிடும். விஜயவாடாவில் வாளி பாதியாயிருந்தது. ராஜமுந்திரியில் திறந்தபோது விளிம்புவரை நிறைந்து, மேலே வறுத்த நிலக்கடலை கிண்டியபோது இருந்த இடத்திலேயே இருந்தது.

"நீங்க ஒழுங்காச் சாப்பிடலையா?" என்றாள் கனி.

"நல்லாத்தான் தின்னேன். நீதான் கொறிச்சிருப்ப."

"நான் கொறிச்சா வாளி ரொம்புமா?"

அவர் இன்னொரு தட்டு வைத்துக்கொண்டார். புவனேஸ்வரில் நிறைந்திருந்தது. பாலசோரில் நிறைந்திருந்தது. கரக்பூரில், முடிய வேண்டிய இடத்தில், மூடி சரியாகப் பதியாத அளவுக்கு நிறைந்திருந்தது. ஹவுராவில் இறங்கி, டாக்சியில் அந்தப் பாலத்தின் மேலேயே போனபோதும் கனி பாலத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த வாளியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவர்கள் தங்கிய விடுதி தென் கல்கத்தாவில் ஒரு சந்துக்குள், இரண்டு மாடி வீடு. அதை நடத்திய பிமல் பாபுவுக்குத் தமிழ் தெரியும். அவர் அம்மாவுக்கு வேலூரில் நாலு மாதம் வைத்தியம் பார்த்தபோது கற்றுக்கொண்ட தமிழ் என்பதால், எல்லாம் ஆஸ்பத்திரித் தமிழ்.

"வாங்க, உக்காருங்க," என்றார். "மூச்சு நல்லா விடுங்க. நேத்து நைட்டு தூக்கம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் தங்கப்பழம்.

"மோஷன் போனீங்களா?"

தங்கப்பழம் கனியைப் பார்த்தார். கனி அவரைத் தாண்டி, கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விரிப்புப் போட்ட மேஜை, ஆறு நாற்காலி, கவிழ்த்துவைத்த தட்டுகள், உள்ளே கடுகெண்ணெய் காய்கிற வாசனை. சமையல்காரி மாலதி மாஷி கத்திரிக்காயை வட்டமாக அரிந்து எண்ணெயில் போட, அது போட்ட சத்தம் கனியின் காலைப் பிடித்து நிறுத்தியது. வெளியே மழை. ஜன்னலோரம் இருந்த நாற்காலியைக் கனி தேர்ந்தெடுத்துக்கொண்டாள், மனசுக்குள்.

"இன்னைக்குப் பொழுதுக்குள்ள தீர்த்துருவோம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

தீரவில்லை. மறுநாள் காலை அவர்கள் விஷயத்தைச் சொன்னபோது பிமல் பாபு ஆச்சரியப்படவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"இந்தப் பிரச்சினை எத்தனை நாளா இருக்கு?"

"மூணு நாளா."

"முன்னாடி குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

"இல்ல."

"வலி?"

"சோத்துக்கு என்னய்யா வலி?"

பிமல் பாபு ஒரு கரண்டி வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்று, "பயப்படாதீங்க. நார்மல்" என்று சொல்லி, தனக்குக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன் என்று எழுதிக்கொண்டார்.

கொடுத்தால் தீரும் என்று கனி நினைத்தாள். எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள், இஸ்திரிக்காரருக்குக் கொடுத்தாள், மழைக்கு ஒதுங்கிய டிராம் டிரைவருக்குக் கொடுத்தாள், அவர் மறுநாள் மழையில்லாமலே ஒதுங்கினார். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கக் கிண்ணங்களோடு வந்து நின்றது. சோறு எப்படித் தீராமல் இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது மதராஸ்காரர்கள் வீட்டு விவகாரம் என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கவலையெல்லாம், இது காலைச் சாப்பாடா மதியச் சாப்பாடா, இதற்குத் தொட்டுக்கொள்ள இலிஷ் மீன் தகுமா என்பதில் இருந்தது. அதற்காகச் சந்துக்கிளப்பில் கூட்டம் போட்டு, கமிட்டி அமைத்து, கமிட்டிக்குள் கொஞ்சம் சர்க்கரை போட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு கட்சியும் போடக் கூடாது என்று ஒரு கட்சியும் பிரிந்து, அண்ணன் தம்பி இரண்டு பேர் தனித்தனி டீக்கடையில் உட்காரத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ஒருவர் புளி எந்தெந்த நாடு வழியாகக் கோவில்பட்டிக்கு வந்தது என்று மூன்று மணி நேரம் பேசினார். ஹோமியோபதி டாக்டர் ஒருவர் ஒரு பருக்கையை ஒரு குடம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததில் பல பேருக்குப் பாட்டில் பாட்டிலாகக் குணமானது.

"சர்க்கரையா?" என்றாள் கனி பிமல் பாபுவிடம். "புளிச்சோத்துலயா? அவங்களுக்கு என்ன செய்யுது?"

"பிறவியிலேயே இருக்கு அம்மா. மருந்து இல்ல."

தங்கப்பழத்துக்குப் புது உயிர் வந்துவிட்டது. வேலை ஓய்ந்த பிறகு எதை வரிசைப்படுத்துவது என்று தெரியாமல் இருந்தவர், சந்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார், பெண்கள் ஒரு பக்கம் ஆண்கள் ஒரு பக்கம் நிறுத்தினார், வாங்கிய கிண்ணத்தின் அடியில் கறுப்பு மையால் குறி வைத்தார். எங்கும் போகவில்லை, எதையும் பார்க்கவில்லை, ரொம்ப சந்தோஷமாக இருந்தார். வரிசையின் தலைமாட்டில், ஒரு கையில் வாளியும் ஒரு கையில் கரண்டியுமாக, காலையிலிருந்து இருட்டும்வரை கனி நின்றாள். பகலில் இரண்டு தடவை கூடத்திலிருந்து மாலதி மாஷியின் தாளிப்பு வாசனை வரும். அந்த ஜன்னலோர நாற்காலியில் யாரோ ஒரு மருந்துக்கம்பெனிப் பிரதிநிதி உட்கார்ந்து, சூடான சோற்றில் ஆவி பறக்க, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

நாலாம் நாள் மதியம் கனி கரண்டியை வாளியின் மேல் குறுக்கே வைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்தாள். வரிசை நின்றது.

"என்னட்டி, கால் வலிக்கா?" என்றார் தங்கப்பழம். "இன்னும் இருபது கிண்ணந்தான். முடிச்சிட்டுப் பாலத்தப் பாத்துட்டு வந்துருவோம்."

"எனக்குப் பாலம் வேண்டாம்."

"பெறவு?"

"நான் கல்கத்தா பாக்க வரலங்க. உக்கார வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள், குரலை உயர்த்தாமல், யாரோ இன்னொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல, அரிவாள்மணையிலிருந்து ஜன்னலோர நாற்காலி வரைக்கும். சொல்லி முடித்து, "நாள மறுநாள் ரயிலு" என்றாள். வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாமலே, முன்னால் நின்ற இரண்டு பெண்கள் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள். தங்கப்பழம் சுண்ணாம்புக் கட்டியைச் சட்டைப்பையில் போட்டார். முப்பது வருஷம் எத்தனையோ பண்டல்களைச் சரியான ஊருக்கு அனுப்பியவர், ஒன்றே ஒன்றைத் தவறான முகவரிக்குக் கூட்டிவந்துவிட்டதை அப்போதுதான் பார்த்தார்.

அவரே வடிவு மதினிக்குப் போன் போட்டார். மதினியும் ஆச்சரியப்படவில்லை. "கெட்டுப்போகலையா?" என்று கேட்டாள், இல்லை என்றதும், "நல்லெண்ண ஊத்துன கை அப்படி" என்றாள். பிறகு, "எந்த வாளி? மூடியில குழி விழுந்ததா? அது வெறுமையா இருக்காது, அண்ணாச்சி. அதுக்குத் தெரியாது. உள்ள வேற எதையாவது போட்டாத்தான் அந்தச் சோறு எடத்த விட்டு எந்திரிக்கும்."

"அவ்வளவுதான? போட்டுட்டாப் போச்சு."

"இருங்க. பாத்திரத்த யாரு நெறப்புவா? தின்னவுகதான நெறப்பணும். அதுல மொதக் கை வச்சது யாரு?"

தங்கப்பழம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "கூடூர்ல… நான்தான்."

"அப்ப உங்க கையால கிண்டிப் போடுங்க" என்று மதினி வைத்துவிட்டாள்.

முதலில் அவர் குறுக்குவழி பார்த்தார். முனைக்கடையில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு நாலு வாங்கிவந்து, யாரும் பார்க்காதபோது புளிச்சோற்றின் மேல் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், நாலும் மூடியின் மேல், குழிக்குள், வெளியே உட்கார்ந்திருந்தன. அதன் பிறகுதான் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாலதி மாஷியின் அடுப்படிக்குப் போனார். கனியைப் பிமல் பாபு ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தார். கமிட்டி முழுதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது. சர்க்கரைக் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குடைக்குள் நின்றன.

மாஷி தீப்பெட்டியை நீட்டினாள். தவில் மார்க். தங்கப்பழம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஆலைது," என்று ஜன்னல் பக்கம் காட்டினார், "நான் அனுப்பினது." கூட்டம் தலையாட்டியது. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது தலை மட்டும் பறந்துபோய்ச் சுவரில் அணைந்தது.

"மருந்துல ஈரம் ஏறிப்போச்சு" என்றார்.

மாஷி ஏதோ சொன்னாள். பிமல் பாபு அதைத் தமிழாக்கினார்: "கையில நடுக்கம் எத்தனை வருஷமா இருக்குன்னு கேக்குறாங்க."

"நடுக்கமெல்லாம் இல்ல."

கூடத்திலிருந்து கனியின் குரல் வந்தது. "இருபத்தொன்பது வருஷமா அவுக அடுப்புப் பத்த வச்சதில்லன்னு சொல்லுங்க."

ஐந்தாவது குச்சியில் அடுப்பு பற்றியது. மழை நாளுக்கு அங்கே கிச்சுடி கிண்டுவார்கள். வறுத்த பாசிப்பருப்பும் அரிசியும் உருளைக்கிழங்கும் இஞ்சியும் சேர்த்துக் குழைய வேகவைப்பது. மாஷி சொல்லச் சொல்ல, பிமல் பாபு "மஞ்சள் அரை ஸ்பூன், ஒரு வேளை மட்டும்," "இப்போ அசைக்காதீங்க, ரெஸ்ட் குடுங்க," "ஐயோ, சீரியஸ், உடனே தண்ணி ஏத்துங்க" என்று மாற்றிச் சொல்ல, தங்கப்பழம் கண்ணில் நீர் வழியக் கிண்டினார். அடி பிடித்தது. பிடித்த வாசனை வந்ததும் கனி தன்னை அறியாமல் எழுந்தாள். மாஷி கூடத்துக்கு வந்து, அவள் தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்துவிட்டுப் போனாள். இன்னொரு தடவை எழுந்தாள். இன்னொரு தடவை அழுத்தினாள். மூன்றாம் தடவை கனி எழவில்லை.

கிச்சுடியில் முதல் கரண்டியை வாளியில் விட்டபோது, பஸ்ஸில் பக்கத்தில் ஆள் வந்ததும் நெருங்கி உட்காருகிறவரைப் போலப் புளிச்சோறு ஒரு கரண்டி அளவு ஒதுங்கியது. இரண்டாம் கரண்டிக்கு இன்னும் ஒதுங்கியது. ஏழாம் கரண்டியில் வாளி முழுக்கக் கிச்சுடியாக இருந்தது. புளிச்சோறு தன் ஊர் வந்து இறங்கிப்போயிருந்தது. நிலக்கடலை ஒன்று மட்டும் மேலே கிடந்தது. அதைத் தங்கப்பழம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு கவிழ்ந்திருந்த தட்டை நிமிர்த்தி, சட்டியிலிருந்த மீதியைக் கனிக்குப் பரிமாறினார். கொஞ்சம் விரிப்பிலும் விழுந்தது. ஜன்னலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கனி ஒரு கவளம் எடுத்து, ஊதி, வாயில் வைத்து, வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"சூடா இருக்கு."

சட்டியில் இருந்தது முழுவதையும், கருகிய அடியோடு, அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டு அவள் முன்னால் இருந்தது. அவள் தட்டைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கப்பழம் அவளைப் பார்த்தார், மாஷியைப் பார்த்தார், மாஷி கூரையைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த கமிட்டி மொத்தமும் தட்டைப் பார்த்தது. கடைசியில் அவர் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். வெளியே குடைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பிச் சந்தின் அந்தக் கோடி வரை போனது.

மிச்சமிருந்த ஒன்றரை நாளும் கனி அந்த நாற்காலியில் மாலதி மாஷியின் கையால் சாப்பிட்டாள்: வட்டக் கத்திரிக்காய், கசகசா அரைத்த உருளைக்கிழங்கு, கடுகில் கிடந்த மீன். "பாலத்துக்கு நடந்து போயிட்டு வருவமா?" என்று அவர் கேட்டபோது, "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள திரும்பிரலாமா?" என்றாள். திரும்பிவிட்டார்கள். சந்தில் புளிச்சோறு நின்றுபோனதற்குக் கமிட்டி வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது, சர்க்கரைக் கட்சி அதில் கையெழுத்துப் போடவில்லை.

வாளியை வெறுமையாகக் கொண்டுபோக முடியாது என்பதால் கிச்சுடியோடுதான் ரயில் ஏறினார்கள். அதுவும் தீரவில்லை. கரக்பூரில் கனி உருளைக்கிழங்குப் பொரியலும் பூரியும் வாங்கினாள், பாலசோரில் பிரெட் ஆம்லெட், ராஜமுந்திரியில் வடை, கூடூரில் இட்லி. ஜன்னலோரம் உட்கார்ந்து, இலையையும் காகிதத்தையும் எதிரில் நீட்டி, அவர் கையில் கொடுத்தாள், தூரப் போட்டுவரச் சொல்லி. தங்கப்பழம் ஒரு வடைக்குக் கை நீட்டியபோது அவள் வாளியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கொண்டுவந்த சோறு இருக்குல்லா."

"ஒனக்கு மட்டும்?"

"நான் கொண்டுவந்தது தீர்ந்துபோச்சு. இது நீங்க கொண்டுவந்தது."

இரண்டு நாள், நாலு வேளை, தான் கிண்டியதைத் தானே தின்றுகொண்டு வந்தார். அவர் வயிற்றில் ஒரு கலவரமும் இல்லை என்பதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊர் வந்ததும் கனி வாளியைக் கொண்டுபோய் வடிவு மதினியிடம் கொடுத்தாள். மதினி மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"கருகியிருக்கே. யாரு கிண்டுனது?"

"அவுக."

"அவுகளா?"

"அவுகதான்."

மதினி வாளியை மூடாமலே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அங்கே, போஸ்ட் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருஷமாக அதே ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி முன்னால் வாளியை வைத்தாள்.

"கல்கத்தாப் பலகாரம். மொதல்ல நீங்க ஒரு வாய் எடுங்க" என்றாள்.

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை விட்டு, ஒரு வாய் எடுத்து மென்றார்.

"உப்பு இல்ல" என்றார்.

"அடுப்படியில இருக்கு," என்றாள் மதினி, "மேல்தட்டுல, மூணாவது டப்பா."